லீ பஜாரிலிருந்து நாகலூர் வரை: எந்த ஸ்டேஷன் எங்கே பேசுகிறது

வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, சேலம் லீ பஜாரில் மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஏற்காடு போகிறேன். டாடா ஏஸ், சொந்த வண்டி. கூட ஆள் கிடையாது, துணைக்கு ரேடியோதான். எனக்குப் பாட்டு ஒத்துவராது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்தவனுக்குப் பத்து மணிக்கு இளையராஜா பாட்டைப் போட்டால் பத்தாவது கொண்டை ஊசியில் கண் சொருகும். யாராவது பேசிக்கொண்டே வந்தால் தூக்கம் வருவதில்லை. விவசாயமோ வைத்தியமோ, எதைப் பற்றிப் பேசினாலும் சரி.

போன வருஷம் மாமனார் காலமானார். அத்தை ஏற்காட்டில் நாகலூர் தாண்டி வடக்குச் சரிவில் தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, ஒன்று ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி. எங்களோடு சேலத்துக்கு வந்துவிடச் சொன்னால், வெயில், கொசு, மிளகுக் கொடியை யார் பார்ப்பது என்று மூன்று காரணம் வைத்திருக்கிறார். டிவி வாங்கித் தருகிறேன் என்றேன். "பாக்க முடியாதவளுக்கு எதுக்கு மாப்ள டிவி? பேசற பொட்டி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பாட்டுப் பொட்டி வேணாம்" என்றார்.

அப்படித்தான் ஐந்து மாதமாக எனக்கு இந்த வேலை. வண்டியில் ஒன்று, அத்தை வீட்டில் ஒன்று என்று இரண்டு ரேடியோவை வைத்துக்கொண்டு, பேச்சு எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். மலையில் வீடு இருக்கிறவர்களுக்கும், மேலே போய் வருகிற டிரைவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஏமாந்த கதை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 650 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். மெமரி கார்டு, புளூடூத், டார்ச் லைட் எல்லாம் உண்டு. "எல்லா ஸ்டேஷனும் எடுக்கும் சார்" என்றார் கடைக்காரர். எஃப்.எம். மட்டும்தான் எடுக்கும் என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். திருச்சி வானொலி வருகிற மீடியம் வேவ் என்கிற சொல்லே அந்தப் பெட்டியில் இல்லை. திருப்பிக் கொண்டுபோனால், "இப்ப யாரு சார் அதெல்லாம் கேக்குறாங்க?" என்றார். அந்தப் பெட்டி இப்போது என் பையனிடம் பாட்டு பாடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதாக வாங்கியது மூன்று பேண்டு செட், 1,350 ரூபாய். எஃப்.எம்., மீடியம் வேவ், ஷார்ட் வேவ். முள்ளைத் திருகி ஸ்டேஷன் பிடிக்கிற பழைய மாதிரி. அதன் குறைகளைப் பிறகு சொல்கிறேன்.

சேலத்துத் தனியார் எஃப்.எம்.களை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். சிக்னலில் குறையே சொல்ல முடியாது. ஐந்து ரோட்டில் ஆரம்பித்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் செக்போஸ்ட், இருபது வளைவு என்று தொடர்ந்து தேன் மாதிரி வரும். மலைப்பாதை முழுக்க சேலத்தைப் பார்த்த தெற்கு முகத்தில்தான் ஏறுகிறது, அதனால் ஊர்க் கோபுரம் நம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். ஒண்டிக்கடை தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் பிசிறடிக்கும். ஆனால் பேச்சு? ஒருநாள் செக்போஸ்ட்டிலிருந்து இருபதாவது வளைவு வரை எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது நிமிஷத்தில் தொகுப்பாளர் நான்கு தடவை வாய் திறந்தார். இரண்டு தடவை நகைக்கடை, ஒரு தடவை "இன்னிக்கு உங்க மூட் எப்படி இருக்கு", ஒரு தடவை தன் பெயர். அவர்களைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை. இந்த நாட்டில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை வேண்டுமானால் ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஊரில் நடப்பதைச் செய்தியாகச் சொல்லக் கூடாது என்றால் மிச்சம் இருப்பது பாட்டும் மூடும்தானே.

ஆக, பேச்சு வேண்டும் என்றால் அரசாங்க வானொலிதான் கதி. அது எதுவும் பக்கத்திலிருந்து வரவில்லை. தெற்கே கொடைக்கானல், வடக்கே தர்மபுரி, தென்கிழக்கே திருச்சி. நடுவில் ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலை. எந்தச் சரிவில் வீடு கட்டியிருக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எந்த ஊர்க்காரர் நம்மோடு பேசுவார்.

கொடைக்கானல் 100.5 மெகாஹெர்ட்ஸ். நேர்கோட்டில் அளந்தால் இங்கிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஏழாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டு அனுப்புவதால்தான் இவ்வளவு தூரம் வந்து சேர்கிறது. எஃப்.எம். அலைக்குக் குணம் நம் பார்வை மாதிரி. நேராகப் போகும், வளைந்து போகத் தெரியாது. நாமக்கல், கரூர் பக்கம் சமவெளிதான், அதனால் மலைக்குத் தெற்கு முகத்தில் நின்றால் தடங்கல் குறைவு. லீ பஜார் சந்துக்குள் வெறும் இரைச்சல்தான். கொண்டலாம்பட்டி பக்கம் சரக்கு எடுக்கப் போனால் நன்றாக வருகிறது. மலைப்பாதையில் நான் கண்டுபிடித்த கணக்கு ஒன்று: எந்த வளைவில் சேலம் ஊர் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த வளைவில் கொடைக்கானல் பேசுகிறது, பாறை மறைத்தால் வாயை மூடிக்கொள்கிறது. அறுபது அடி பாலம் பக்கம் பள்ளத்துக்குள் நுழைகிறபோது ஒரு டாக்டர் சர்க்கரை நோய்க்கு எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார். வெளியே வந்தபோது "இதை மட்டும் தவிர்த்தால் போதும்" என்று முடித்துவிட்டார். எதை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

லேடிஸ் சீட் பக்கம் சரக்கு இறக்கும் கடையில் அதே 100.5 கல்வெட்டு மாதிரி நிற்கும். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் மட்டும் ஒரு கூத்து நடக்கும். தரையில் குளிர், மேலே சற்று வெதுவெதுப்பு என்று காற்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிற நேரத்தில் தூரத்து எஃப்.எம். அலைகள் அந்த அடுக்கில் மாட்டிக்கொண்டு வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடிவரும். 100.3-ல் இருக்கிற காரைக்கால் வந்து கொடைக்கானலின் தோளில் சாய்ந்துகொள்ளும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். பனிமூட்டத்தால் சிக்னல் போகிறது என்று மேலே எல்லோரும் சொல்வார்கள். பனிக்கும் எஃப்.எம்.முக்கும் சம்பந்தமில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், பழி பனிமேல்.

உயரமான இடத்துக்குப் போனால் எல்லாம் தெளிவாக வரும் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு சேர்வராயன் கோயில் மேட்டுக்கே போனேன். 5,326 அடி. நாலாபுறமும் வெட்டவெளி. அங்கே பிரச்சினை தலைகீழ்: எல்லாமே வருகிறது. 98.3-ல் கோயம்புத்தூரும் பெங்களூரும் ஒரே எண்ணில் ஒரே கம்பெனியின் ஸ்டேஷன் வைத்திருக்கின்றன. கீழே இருக்கும்போது ஒன்றுக்கொன்று தெரியாது. மேட்டில் நின்றால் இரண்டுக்கும் நாம் தெரிகிறோம். எஃப்.எம்.மில் எது கொஞ்சம் பலமாக வருகிறதோ அதுதான் காதில் விழும், மற்றது அடங்கிவிடும். நான் நின்ற இடத்தில் தமிழ், இடதுபக்கம் இரண்டு எட்டு வைத்தால் கன்னடம், குனிந்தால் மறுபடி தமிழ். பக்கத்தில் சாமி கும்பிட வந்த குடும்பம் என்னை ஒரு மாதிரி பார்த்தது. ஏரியலை நீட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

தர்மபுரி 102.5. இது எனக்குப் புதையல். சேலம்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு ஸ்டேஷன் இருப்பதே தெரியாது, தெரியாததற்குக் காரணமும் இருக்கிறது. சேலத்துக்கு நேர் வடக்கே தர்மபுரி. இரண்டுக்கும் நடுவில் கதவை அடைத்த மாதிரி சேர்வராயன் மலை நிற்கிறது. சேலத்தில் அந்த மலையின் நிழலில்தான் நாம் இருக்கிறோம். அதே கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், அத்தை வீட்டுத் திண்ணையில், ஏரியலை நீட்டாமலேயே பேசுகிறது. பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. உழவர்களுக்கான நிகழ்ச்சியில் மாவில் தத்துப்பூச்சி வந்தால் என்ன செய்வது, ராகிக்கு எப்போது மேலுரம் என்று ஒருவர் பதறாமல் சொல்லிக்கொண்டிருப்பார். "இவரு பேசறது நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருக்குது மாப்ள" என்று அத்தை முதல் நாளே கட்சி சேர்ந்துவிட்டார். மலைமேல் காபிக்கும் மிளகுக்கும் சொல்ல ஆள் இல்லையே என்கிற குறை மட்டும் உண்டு.

இங்கே ஒரு ஆசையைச் சொல்லிக்கொள்கிறேன். சமுதாய வானொலி என்று ஒன்று இருக்கிறது, சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் பேசுகிற சின்ன ஸ்டேஷன். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் ஆரம்பித்ததுதான் நாட்டிலேயே முதல். அதற்கு அனுமதிக்கிற டிரான்ஸ்மிட்டர் 50 வாட். என் வண்டி ஹெட்லைட் பல்பு ஒன்றின் கணக்கு. சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். அதையே இந்த மலை முகட்டில் ஒன்று வைத்துப் பார்த்தால் என்ன? குப்பனூர் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, கோடை விழாவுக்காக இன்று முதல் ஒருவழிப்பாதை என்று யாராவது காலையில் சொன்னால் எனக்கு எத்தனை லிட்டர் டீசல் மிச்சம்.

சரி, திருச்சி. மீடியம் வேவ், 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். 1939-ல் ஆரம்பித்த நிலையம். இதன் அலை ஒன்றின் நீளம் 320 மீட்டர், எஃப்.எம். அலை மூன்று மீட்டர்தான். மூன்று மீட்டர்க்காரனுக்கு மலை ஒரு சுவர். 320 மீட்டர்க்காரன் தரையைத் தழுவிக்கொண்டே ஏறி இறங்கி வந்துவிடுவான். அறுபது அடி பாலத்துப் பள்ளத்திலும் வரும், நாகலூரில் மிளகுக் கொடிக்கு நடுவிலும் வரும். என் வண்டி செட்டில் மீடியம் வேவ் இல்லை என்பதால் இப்போது டாஷ்போர்டில் இன்னொரு சின்ன ரேடியோவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது அதில் ஒரு 'ர்ர்ர்' சேர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு மருந்து இல்லை.

திருச்சியின் பேச்சுக்கு ஒரு பரம்பரை உண்டு. அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்கிற நெல் வந்தபோது, திருச்சி வானொலி பேசிப் பேசியே அதை வயலில் இறக்கியது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த நிதானம் போகவில்லை. ஒருவர் பதினைந்து நிமிஷம் ஒரே விஷயத்தைப் பேசுவார், நடுவில் மணி அடிக்காது, சிரிப்புச் சத்தம் போட மாட்டார்கள். குறை இல்லாமல் இல்லை. சில உரைகள் காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார் என்பது காகிதம் புரளும் சத்தத்திலேயே தெரியும். தென்கச்சி கோ. சுவாமிநாதன் "இன்று ஒரு தகவல்" சொன்ன காலத்தில், நம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொல்கிற மாதிரி இருக்கும். அந்த மாதிரிக் குரல் இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த 936-தான் என்னை இரண்டு மாதம் பைத்தியமாக அடித்தது.

பகலில் அத்தை வீட்டில் நன்றாக வரும். நான் சரக்கு இறக்கிவிட்டு ஒரு மணிவாக்கில் போகும்போதெல்லாம் அருமையாகப் பேசிக்கொண்டிருக்கும். சாயந்திரம் போன் வரும்: "மாப்ள, பொட்டி சீறுது." ஆறரை மணிக்கு மேல் ஒரே சீறல், பேச்சு அதற்குள் முங்கிவிடுகிறது என்றார். பேட்டரி மாற்றினேன். போன் வந்தது. ரேடியோவை ஜன்னலுக்கு மாற்றினேன். போன் வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் பழைய டேப் ரெக்கார்டர் எல்லாம் பார்க்கிற ஒரு பெரியவரிடம் செட்டைக் கொண்டுபோனேன். திறந்து, உள்ளே பென்சில் கனத்தில் ஒரு கறுப்புக் குச்சியைக் காட்டினார். அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. "மீடியம் வேவுக்கு ஏரியல் இதுதான் தம்பி. வெளிய இழுக்கிற கம்பி எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். இந்தக் குச்சியோட முனை ஸ்டேஷன் பக்கம் நீட்டிட்டு இருந்தா ஒண்ணும் கேக்காது. வயித்துப் பக்கம் காட்டணும்" என்றார். செட்டில் ஒரு கோளாறும் இல்லை, காசும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்தப் புதன்கிழமையே போய், ரேடியோவை அலமாரிமேல் வைத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்தில் திருச்சி சுத்தமாக மறைகிறது, கால்வட்டம் திருப்பினால் முழு பலத்தோடு வருகிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, "அத்தை, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்றேன். "லட்சுமணன் கோடா மாப்ள?" என்று கேட்டார். அன்று ராத்திரி போன் வந்தது. கோட்டுக்குள்ளேதான் இருக்கிறது, சீறுகிறது.

சரி, இன்று இருந்து பார்த்துவிட வேண்டியதுதான் என்று அடுத்த சனிக்கிழமை அங்கேயே தங்கினேன். ஆறு மணிக்குத் திருச்சி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. வெளியே இருட்டியது. அத்தை எழுந்து சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டார். அலமாரிக்கு நேர் மேலே தொங்குகிற எல்.இ.டி. பல்பு எரிந்தது. அதே வினாடி ரேடியோ சீறியது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை பாருங்கள். ரேடியோவைத் தட்டினேன். ஏழே கால் வாக்கில் கரண்டு போனது. வீடு கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளே ஒரு குரல், அவ்வளவு தெளிவாக, நாளைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழை என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். கரண்டு வந்ததும் மறுபடி சீறல். அத்தைதான் முதலில் சொன்னார்: "மாப்ள, வெளக்கு."

விலை குறைந்த எல்.இ.டி. பல்புக்குள் கரண்டைக் குறைக்கிற ஒரு சின்னச் சர்க்யூட் இருக்கிறது. அது படபடவென்று வினாடிக்கு ஆயிரக்கணக்கில் திறந்து மூடுகிறபோது கக்குகிற குப்பை எல்லாம் மீடியம் வேவில்தான் போய் விழுகிறது. செல்போன் சார்ஜரும் அப்படியே. முன்பு குண்டு பல்பு காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பல்பை மாற்றினேன், வேறு கம்பெனி, நாற்பது ரூபாய் கூட. ரேடியோவையும் அலமாரியிலிருந்து எடுத்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனேன், புதிதாகக் கோடு போட்டேன். முக்கால்வாசிச் சீறல் போய்விட்டது. உங்கள் வீட்டு ரேடியோ சாயந்திரத்தில் மட்டும் சீறினால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் முதலில் மெயின் சுவிட்சை ஒருதரம் இறக்கிப் பாருங்கள்.

மிச்சம் கால்வாசிக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இருட்டிய பிறகு மீடியம் வேவ் அலை வானத்தில் முட்டித் திரும்பிக் கீழே வரும். பகலில் வெயில் இருக்கிறவரை மேலே ஒரு படலம் அதை உறிஞ்சிவிடும், ராத்திரி அந்தப் படலம் கலைந்துவிடும். அதனால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் வந்து திருச்சியின் முதுகில் ஏறிக்கொள்வார்கள். பெங்களூர் 612, தூத்துக்குடி 1053 இரண்டும் ராத்திரி கடல் அலை மாதிரி பெரிதாகி, சிறிதாகி வரும். தூத்துக்குடி சில ராத்திரி பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி கேட்கும், பத்து நிமிஷத்தில் கிணற்றுக்குள் போய்விடும். சித்திரை, வைகாசியில் மலைமேல் இடி இடிக்கிற மத்தியானங்களில் மீடியம் வேவைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு மின்னலும் ஒரு 'டர்ர்' தான்.

ஷார்ட் வேவ் பேண்டை அத்தை ஒரே ஒருதரம் திருகினார். மாமா எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். ராத்திரி ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்காமல் படுக்க மாட்டார். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது பாத்திரம் உருட்டினால் தொலைந்தார்கள். கல்யாணம் ஆன புதிதில் நான் தெரியாமல் ஒருநாள் அப்போது தும்மிவிட்டேன். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு அந்த வானொலி ஒலிபரப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகும் பல நாள் ஒன்பதே காலுக்கு ரேடியோவைப் போட்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அத்தை சொன்னார். இப்போது அந்த பேண்டில் எங்களுக்கு வருவது சீனமோ என்னவோ.

செல்போனில் கேட்டால் ஆகாதா என்று என் பெண் கேட்டாள். ஆகும். நியூஸ் ஆன் ஏர் என்று ஆகாசவாணியின் ஆப் இருக்கிறது, திருச்சி, கொடைக்கானல் எல்லாம் அதில் கண்ணாடி மாதிரி கேட்கிறது. லீ பஜாரில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும்போது நான் அதில்தான் கேட்கிறேன். மலை ஏற ஆரம்பித்தால் டேட்டா விட்டு விட்டு வரும். டேட்டா போனால் ரேடியோ மாதிரி கரகரக்கக்கூடச் செய்யாது, வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே நிற்கும். இரைச்சலுக்குள்ளிருந்து பாதிச் சொல்லையாவது பிடித்துக்கொள்ளலாம், அந்த வட்டத்தில் என்னத்தைப் பிடிப்பது? அத்தைக்குத் தொடுதிரை ஒத்தே வராது. கன்னத்தில் வைத்தால் காதுக்கு முன்னால் கன்னமே ஆப்பை மூடிவிடுகிறது.

இப்போது அந்த 1,350 ரூபாய்ச் செட்டைப் பற்றி. பெயர் சொல்லப்போவதில்லை, பெட்டியில் இருந்த பெயரும் வேறு, செட்டில் இருந்த பெயரும் வேறு. சத்தம் நல்ல கனமாக இருக்கிறது, பேச்சுக்கு ஏற்ற சத்தம். பெரிய பேட்டரி மூன்று போட்டால் அத்தை கேட்கிற கணக்குக்கு ஒன்றரை மாதம் வருகிறது. அடாப்டர் போட்டு ஓட்ட வேண்டாம், அதுவும் சீறும். முள் காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள். 936 என் செட்டில் 1000-க்குப் பக்கத்தில் இருக்கிறது. கண் தெரியாதவருக்கு எண் எதற்கு என்று, திருச்சி வருகிற இடத்தில் டயல் கண்ணாடிமேல் ஒரு பொட்டு ஃபெவிகால் வைத்துக் காயவிட்டேன், தர்மபுரிக்கு இரண்டு பொட்டு. விரலால் தடவி, முள்ளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பேண்டு மாற்றுகிற சுவிட்ச் மட்டும் மோசம். எஃப்.எம்.முக்கும் மீடியம் வேவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும், செட் செத்துவிட்டது என்று நினைத்து அத்தை இரண்டு தடவை எனக்குப் போன் போட்டிருக்கிறார். ஏரியலின் கீழ் மூட்டு நாலாவது மாதமே ஆட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்து செட் ஒரு தடவை வாங்கினால் ஒரு தலைமுறைக்கு வரும், தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டியாவது கேட்டார்கள். இதற்கு ஆறு மாத வாரண்டி, அதுவும் வாய்வார்த்தையாக.

கொடைக்கானல் ஒன்றுதான் அத்தை வீட்டில் வராமல் இருந்தது. தெற்குப் பக்கம் முழுக்க மலை மறைக்கிறதே. ஆனால் அவருக்கு அது வேண்டும். தொண்ணூறுகளில் மாமாவோடு உட்கார்ந்து கேட்ட ஸ்டேஷன், நேயர்கள் பெயரை வாசிக்கும்போது தெரிந்த ஊர் வருகிறதா என்று காத்திருந்த ஸ்டேஷன். போன மாதம் ஒருநாள் ரேடியோவைத் திண்ணையில் வைத்துவிட்டு அத்தை துணி காயப்போடப் போயிருக்கிறார். வீட்டு மூலையிலிருந்து மேட்டில் நிற்கிற சில்வர் ஓக் வரைக்கும் கட்டிய கொடிக்கம்பி, வழவழப்பான ஜி.ஐ. கம்பி. ஈரப்புடவையை உதறும்போது கம்பி தாழ்ந்து வந்து ஏரியலில் பட்டது. பட்ட மாத்திரத்தில் 100.5 பேசிவிட்டது. விட்டால் போய்விடுகிறது. மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு கையில் புடவை, ஒரு கையில் கொடிக்கம்பி, அப்படியே நேயர் கடிதம் முடியும் வரை கேட்டிருக்கிறார்.

அதற்கடுத்த தடவை நான் போய், கொடிக்கம்பியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, முனையில் முதலைக் கிளிப் போட்டு ஏரியலில் மாட்டிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் மின்னல் வெட்டினால் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும் என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் இரைச்சலோடுதான், ஆனால் வருகிறது. இப்போது புதுப் பிரச்சினை. அந்தக் கொடியில் ஈரத்துணி போட்டால் கொடைக்கானல் மங்கிவிடுகிறது என்று அத்தை அதில் ஒரு கைக்குட்டையைக்கூடக் காயவிடுவதில்லை. துணி எல்லாம் திண்ணைக் கைப்பிடியில் கிடக்கிறது. வருகிற புதன்கிழமைக்கு இருபது அடி நைலான் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.